குதிரைத்தொட்டிக்குப் போகும் வழி

காஞ்சிபுரத்துக் குதிரை போர்டில் ஒன்பது மெம்பர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது குதிரைமேல் ஏறியவரா என்றால், கிடையாது. தலைவர் தேசிகன் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். உபதலைவர் பராங்குசம் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். ஜட்கா வண்டியில் பின்பக்கமாகத்தான் ஏறவேண்டும் என்பதால், ஒரு குதிரையின் முகத்தை இரண்டு பேருமே கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஆனாலும் அவர்கள் குதிரைகள்மேல் வைத்திருந்த கருணையைச் சும்மா சொல்லக்கூடாது. பட்டணத்தில் ஏதோ ஒரு துரைசானி, கால் ஒடிந்த குதிரையை நடுரோட்டில் சுடுவதைப் பார்த்து மூர்ச்சை போட்டு விழுந்தாளாம். அதிலிருந்து குதிரைகளை ஏற்றிச் செல்வதற்கும் கொல்வதற்கும் விதிகள் வந்தன என்று ஊரில் பேச்சு. விதிகளைக் காப்பாற்றப் போர்டு வந்தது. போர்டு உட்கார ஆபீஸ் வந்தது. ஏனாத்தூர் போகிற ரோட்டில், ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டி மாதிரியே, குதிரைகளைக் கொல்வதற்குக் குதிரைத்தொட்டி என்று ஒன்று கட்டி, சலவைக்கல்லில் பெயர்களைப் பொறித்து, சந்தனம் கொடுத்துத் திறந்தார்கள்.

விதிகளைப் படித்தவர்கள் அசந்துபோவார்கள். குதிரையைத் தொட்டிக்கு வெளியே யாரும் கொல்லக்கூடாது, கொன்றால் ஜெயில். நிற்கமுடியாத குதிரையை வண்டியில் ஏற்றக்கூடாது, ஏற்றினால் அதற்கு வலிக்கும். ஆகவே கொல்லப்பட வேண்டிய குதிரை தன் காலால் நடந்து தொட்டிக்கு வரவேண்டும். அப்படி நடந்து வருகிற குதிரையை டாக்டர் பார்ப்பார். இவ்வளவு தூரம் நடந்து வந்த குதிரையை எதற்காகக் கொல்வது என்று தட்டிக்கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். தொட்டியின் சிமெண்டுத் தரை கட்டின நாளில் எப்படிப் பளபளத்ததோ அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.

வருஷாந்தரக் கூட்டத்தில் தேசிகன் இதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார். "மகாஜனங்களே, முன்னெல்லாம் நம்முடைய ஊரிலே நொண்டிக் குதிரைகளை ஈவிரக்கமில்லாமல் ஒரே நிமிஷத்தில் கொன்றுவிடுவார்கள். போர்டு வந்தபிறகு அந்த அவசரம் ஒழிந்தது. இன்றைக்கு நம் குதிரைகள் ஆற அமர, தங்களுக்கு வேண்டிய அவகாசத்தை எடுத்துக்கொண்டு, தாங்களாகவே சாகின்றன. இதற்கு மேல் ஜீவகாருண்யம் என்ன இருக்கிறது?" என்றார். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

முனிரத்தினத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவனுக்கு வருஷாந்தரக் கூட்டத்தில் என்ன வேலை? அவன் மனைவி சம்பூர்ணம் விஷக்காய்ச்சல் வந்த வருஷத்தில் போய்விட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. இருந்தது லில்லி ஒருத்திதான். லில்லி என்பது மிஷன் டாக்டரம்மா சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன மட்டக்குதிரை. பெயரையும் அந்த அம்மாள்தான் விட்டுவிட்டுப் போனாள். லில்லியை யாராவது 'அது' என்று சொன்னால் முனிரத்தினத்துக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். நாமும் அவள் என்றே சொல்லிவிடுவோம், நமக்கென்ன நஷ்டம்.

வண்டியில் ஏறுகிறவர்கள் எங்கே போகவேண்டும் என்பதை மட்டும் முனிரத்தினத்திடம் சொல்வார்கள். பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டு வருவார்கள். அவன் லில்லியோடு பேசிக்கொண்டு போவான். வெயில் அதிகம், மோட்டார் பஸ்காரன் அநியாயம் பண்ணுகிறான், நேற்று வைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டது, இந்த மாதிரி. அவள் காதை ஒருதரம் பின்னால் திருப்புவாள். அவனுக்கு அது போதும். சம்பூர்ணம் போனபிறகு அவன் பேச்சை முழுசாகக் கேட்ட காதுகள் ஊரில் அவை இரண்டுதான்.

வைகாசி கருடசேவை முடிந்த காலையில் அது நடந்தது. வெளியூர் ஜனம் ஸ்டேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டி கொள்ளாத கூட்டம். சின்ன காஞ்சிபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில், வடிகால்மேல் போட்டிருந்த கல் பெயர்ந்து, லில்லியின் முன்னங்கால் ஒன்று உள்ளே போய்விட்டது. ஒடிந்த சத்தம் வண்டிக்குள் இருந்தவர்களுக்கே கேட்டது. அவர்கள் இறங்கி, ஐயோ பாவம் என்று சொல்லி, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நடந்து போய்விட்டார்கள்.

முனிரத்தினம் வாரை அவிழ்த்து வண்டியைத் தள்ளினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. குதிரைக்கு அப்படி ஒடிந்தால் சேராது என்பது ஜட்கா ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். பின்னால் வந்த ஜட்காக்காரன் காசிநாதன் தன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"சீக்கிரம் முடிச்சிட்றதுதான்பா நல்லது. எனக்குப் புள்ளகுட்டி இல்லன்னா நானே செஞ்சிடுவேன். போர்டுக்காரன் ஜெயில்ல போட்டான்னா அதுங்கள யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிள்ளைகுட்டி இல்லாத முனிரத்தினம் போய் ஒரு கடப்பாரையைக் கேட்டு வாங்கி வந்தான். ஜெயிலைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கடப்பாரையை ஓங்கினான். லில்லி அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்துக் காதை அவன் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அவனால் அது முடியாது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

போர்டின் மிருக டாக்டர் உமாபதி மத்தியானம் வந்தார். மெலிந்த மனுஷன், வாய் அதிகம் திறக்கமாட்டார். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டினாலும் எலும்பு சேராது, ஆனால் அசையும்போது வலி குறையும் என்றார். அவர் பெட்டியில் குளோரோபாரம் இருந்தது. அதைப் போதிய அளவு மூக்கில் காட்டினால் குதிரை தூங்குகிற மாதிரியே போய்விடும். ஆனால் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். தொட்டிக்குள் தவிர வேறெங்கும் அதை உடைக்கக்கூடாது.

"தொட்டிக்குக் கூட்டி வா. நான் செஞ்சு தர்றேன்" என்றார் உமாபதி.

"எப்டிய்யா கூட்டினு வர்றது? வண்டில ஏத்தட்டுமா?"

"வண்டியில ஏத்தினா உன்னைப் பிடிப்பாங்க. போர்டு ஆபீசுக்குப் போய்க் கேளு."

போர்டு ஆபீஸ் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய வீட்டு முன்கட்டில் இருந்தது. முனிரத்தினம் உள்ளே வரக்கூடியவன் அல்ல. அவன் வாசற்படிக்குக் கீழே தெருவில் நிற்கவேண்டும். உள்ளேயிருந்து கேள்வி வரும், வெளியேயிருந்து பதில் போகும். நடுவில் தெருவில் வண்டி போனால் பதில் உள்ளே போய்ச் சேராது. அப்போது குமாஸ்தா, சாட்சிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்வார்.

தேசிகன் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனுஷர் அல்ல, அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

"ஏண்டாப்பா, போர்டு உன் குதிரையைப் பெரிசா என்ன கேட்டுடுத்து? கொஞ்சம் முயற்சி. அவ்வளவுதானே! ஒரு கால் போனா என்ன, பாக்கி மூணு கால் திடமா இருக்கோல்லியோ? எனக்கு முழங்கால்லே வாதம். எனக்கு இருக்கறதே ரெண்டு. தினமும் இந்தப் படி ஏறி வரலையா?"

"எலும்பு வெளிய வந்துக்கினு இருக்குது சாமி."

"நடக்க நடக்கச் சரியாப்போகும்" என்றார் தேசிகன்.

முனிரத்தினத்தின் போதாத காலம், அன்றைக்குப் பராங்குசமும் உள்ளே இருந்தார். அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, விழுந்து கிடக்கிற ஜீவனைப் பார்த்து நட என்று சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார். பூனை தன் குட்டியை வாயால் கவ்வி எடுத்துப் போகிறதே, குட்டி ஏதாவது முயற்சி செய்கிறதா? அதுபோல் போர்டுதான் குதிரையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றார். தேசிகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரங்குக்குட்டியைத் தாய் பிடித்துக்கொள்வதில்லை, குட்டிதான் தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது, பிடித்துக்கொண்ட குட்டிதான் பிழைக்கிறது என்றார்.

போச்சு. பகவான் ஒரு ஜீவனைக் கரையேற்ற வேண்டுமானால் அந்த ஜீவனும் கொஞ்சம் முயற்சி செய்யவேண்டும், குரங்குக்குட்டி மாதிரி என்பது வடகலை. ஒன்றும் செய்யவேண்டாம், பூனைக்குட்டி மாதிரி கிடந்தால் போதும், அவனே எடுத்துக்கொள்வான் என்பது தென்கலை. இந்தச் சண்டை அந்தத் தெருக்களில் எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கோயில் விஷயத்தில் சண்டை போட்டுப் போட்டு இரு தரப்புக்கும் வாய் வலித்துப்போயிருந்த நேரம். புதிசாக ஒரு குதிரை கிடைத்ததும் ஒன்பது மெம்பர்களும் பத்து வயசு குறைந்தவர்கள் மாதிரி எழுந்துகொண்டார்கள். தேசிகன் பக்கம் நான்கு, பராங்குசம் பக்கம் நான்கு. ஒன்பதாவது மெம்பர் காது கேளாதவர், இரண்டு பக்கமும் கை தூக்கினார்.

முனிரத்தினம் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். குரங்கு என்றார்கள், பூனை என்றார்கள். குதிரை என்று யாராவது சொல்லுவார்களா என்று வெயில் இறங்குகிறவரையில் பார்த்தான். பிறகு லில்லிக்குத் தண்ணீர் காட்டவேண்டுமென்று திரும்பி நடந்தான்.

மறுநாள் தேசிகன் கட்சியார் புளியமரத்தடிக்கு வந்தார்கள். லில்லிக்கு முயற்சியில் ருசி உண்டாக்குவதற்காக ஒரு கட்டுப் பச்சைப்புல்லைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள், அவள் வாய்க்கு எட்டாத உயரத்தில். ஒருவர் எதிரே நின்று கைதட்டினார். அவள் ஒருதரம் நிஜமாகவே எழப் பார்த்தாள். ஒடிந்த கால் மடங்கி முகம் தரையில் மோதியது. "பார்த்தேளா, முயற்சி இருக்கு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு காப்பி சாப்பிடப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் முனிரத்தினம் புல்லை அவிழ்த்து அவள் வாயருகே வைத்தான். அவள் தின்னவில்லை.

பராங்குசம் கட்சியார் மத்தியானம் மூங்கிலும் ரட்டுத்துணியும் கூலியாட்களுமாக வந்தார்கள். முனிரத்தினம் அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். இந்தக் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. தூக்கப்போகிற சமயத்தில் கோர்ட்டு அமீனா சைக்கிளில் வந்து இறங்கினார். தேசிகன் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கிவிட்டார். வழக்கு தீருகிறவரை குதிரை இருக்கிறபடியே இருக்கவேண்டும். நகர்த்தக்கூடாது, கொல்லக்கூடாது, எதையும் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

அமீனா காலில் இருந்த கட்டைப் பார்த்தார். விழுந்தபோது இது இருந்ததா என்று கேட்டார். இல்லை, பிறகு டாக்டர் கட்டியது என்றார்கள். அப்படியானால் அது சேர்க்கப்பட்டது என்று சொல்லி, உமாபதியைக் கூப்பிட்டு அவர் கையாலேயே அவிழ்க்கச் சொன்னார். உமாபதி அவிழ்த்தார். லில்லி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. உமாபதி துணியைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தார். பிறகு அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு அது அங்கே இருப்பதும் பிடிக்காதவர்போல் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டார்களா? லில்லியின் நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி உண்டு. பிறவியில் வந்தது. பராங்குசம் கட்சியில் கண் கூர்மையான ஒருவர், அந்த வெள்ளை புருவத்துக்கு நடுவில் நிற்காமல் மூக்குவரைக்கும் இறங்குகிறது, ஆகவே அது பாதம் வைத்த நாமம், குதிரை தென்கலை என்று கண்டுபிடித்தார். இறங்குவது மயிர் உதிர்ந்த இடம், நாமம் மேலேயே முடிந்துவிட்டது, குதிரை வடகலை என்று எதிர்க்கட்சி பதில் மனுப் போட்டது. மிஷன் வீட்டுக் குதிரையாயிற்றே என்று யாரோ தெரியாமல் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். தீர்ப்பு வருகிறவரைக்கும் நெற்றியை மறைத்து ஒரு துணி கட்டும்படி உத்தரவாயிற்று. கட்டினவன் அவசரத்தில் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டான்.

வெயிலும் மழையும் பட்டு நெற்றிச்சுட்டி மாறிவிடக்கூடாதென்று பந்தல் போட்டார்கள். காவலுக்கு ஒரு சேவகன். முனிரத்தினம் குதிரையைக் கொல்ல ஆசைப்படுகிறவன் என்பது அவன் வாக்குமூலத்திலேயே இருந்தது. ஆகவே அவன் கிட்டே போகவும் கூடாது, அதோடு பேசவும் கூடாது என்று கட்டளை. ஊரார் எல்லோரும் வந்து பந்தலுக்குள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வர முடியாதவன் அவன் ஒருத்தன்தான். ரோட்டின் அந்தப் பக்கம் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான்.

கண் தெரியாத லில்லி கனைப்பாள். முனிரத்தினம் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இருமுவான். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே தவிர இருமக்கூடாது என்று சொல்லவில்லை. இருமல் கேட்டதும் அவள் தலையைத் தரையில் வைத்துக்கொள்வாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கனைப்பாள். அவன் மறுபடியும் இருமுவான். பகல் முழுவதும் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவனுக்குத் தொண்டை புண்ணாகிவிட்டது. அவன் அந்தக் கல்லைவிட்டு எழுந்து போய்ச் சோறு தின்ன நினைத்தபோதெல்லாம், அந்தச் சமயம் பார்த்து அவள் கனைத்து, பதில் வராமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் வந்துவிடும்.

சேவகன் வைத்த தண்ணீரை அவள் குடிக்கவில்லை. இரண்டாம் தரமும் குடிக்காதபோது அவன் பாத்திரத்தை ரோட்டில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைத்தான். முனிரத்தினம் ஓடி வந்து தண்ணீர் காட்டினான். துணியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டான். அவள் கண்ணில் ஈ மொய்த்திருந்தது. அவளை விட்டுவிடும்படி யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டிய எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது.

ஒருவழியாக வழக்கு விசாரணைக்கு வந்தது. இரண்டு வக்கீல்களும் குரங்கிலும் பூனையிலும் ஆளுக்கொரு நாள் பேசினார்கள். நீதிபதி களைத்துப்போய், பெரியவர்கள் சமரசமாகப் போகக்கூடாதா என்றார். போனார்கள். குதிரையின் முன்பாதியைத் தூளியில் இட்டு ஆட்கள் தூக்குவது, அது தென்கலை. பின்பாதி தன் இரண்டு கால்களால் நடப்பது, அது வடகலை. இந்த ஏற்பாட்டின்படி குதிரையைத் தொட்டிக்குக் கொண்டுபோகவேண்டும். இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதாக இரண்டு தெருவிலும் கற்கண்டு வழங்கினார்கள்.

தொட்டிக்குப் போகும் நாளில் மேளம் வைத்திருந்தார்கள். நெற்றித் துணியை மட்டும் எடுக்கவில்லை, அந்த வழக்கு தனி. முனிரத்தினத்தை லில்லியின் தலைமாட்டில் நடக்க அனுமதித்தார்கள், அவன் இல்லாமல் அவள் பின்னங்கால்கள் வடகலைக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டதால். உமாபதி முத்திரை வைத்த பெட்டியோடு பக்கத்தில் வந்தார். மூங்கிலுக்குத் தோள் கொடுத்த ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். அவள் பின்னங்கால்களை இழுத்து இழுத்து வைத்தாள். அடிக்கு அடி முனகினாள்.

"தோ, அவ்ளோதாம்மா. இன்னும் கொஞ்சம்தான்" என்று முனிரத்தினம் சொல்லிக்கொண்டே வந்தான். தன் குதிரையை எங்கே கூட்டிக்கொண்டு போகிறோம், அதற்குப்போய் இப்படித் தேற்றுகிறோமே என்று அவனுக்கே தோன்றியது.

ஏனாத்தூர் ரோடு திரும்புகிற முனையில் ஊர்வலம் நின்றது. பாசுரம் சொல்லிக்கொண்டு யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது என்ற கேள்வி. முன்பாதி எங்களுடையது, ஆகவே நாங்கள்தான் முன்னால் என்றார் பராங்குசம். பின்னங்கால் உந்தாவிட்டால் முன்பாதி எப்படிப் போகும், ஆகவே முதல் மரியாதை எங்களுக்கு என்றார் தேசிகன். இரண்டு கோஷ்டியும் லில்லியைக் கடந்துபோய், ரோட்டின் நடுவில் வட்டமாகக் கூடிவிட்டது. குரல்கள் ஏறின. கூலியாட்கள் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்து, தோள் விட்டுப்போனதும் தூளியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு வேலியோரம் போய்க் குந்திக்கொண்டார்கள்.

முனிரத்தினம் புழுதியில் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். துணியை அவிழ்த்தான். கோர்ட்டு உத்தரவுப்படி கட்டின துணி அது. அவிழ்த்துத் தூர எறிந்தான்.

"ஐயா, அவ என்னையே பாக்கிறா. நா எங்கய்யா பாக்கறது?" என்றான்.

உமாபதி அவனைப் பார்த்தார். வாக்குவாதம் நடக்கிற இடத்தைப் பார்த்தார். ஒரு முகங்கூட இந்தப் பக்கம் திரும்புகிறதாக இல்லை. அவர் புழுதியில் மண்டியிட்டு, முத்திரையைக் கல்லால் உடைத்தார்.

"கொள்ளுப்பை இருக்குதா?" என்று கேட்டார்.

இருந்தது. வண்டி ஓட்டம் நின்றபிறகும் பையை அவன் தோளைவிட்டு எடுக்கவில்லை. உமாபதி பஞ்சை நனைத்துப் பைக்குள் போட்டுக் கொடுத்தார். முனிரத்தினம் அதை அவள் மூக்கில் மாட்டினான். கொள்ளு என்று நினைத்து அவள் தானே முகத்தை உள்ளே நுழைத்தாள். அந்த வாடையில் ஒருதரம் உதறினாள்.

"பேசிக்கிட்டே இரு" என்றார் உமாபதி.

முனிரத்தினம் குனிந்து பேசினான். அத்தனை நாளும் இருமியே கழித்தவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் காது அவன் பக்கம் திரும்பியது. திரும்பியபடியே இருந்தது. உமாபதி பஞ்சை இன்னொரு தரம் நனைத்தார். பிறகு அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எழுந்து, முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டார். முனிரத்தினத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் உடனே பேச்சை நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை.

பாசுர விவகாரம் தீர்ந்து, தூக்குங்கள் என்று தேசிகன் திரும்பியபோதுதான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. அடுத்த நிமிஷம், குதிரை பின்னங்கால் முயற்சியால் ஏனாத்தூர் முனைவரைக்கும் வந்து முக்தி அடைந்துவிட்டது என்று தேசிகன் அறிவித்தார். கீழே இறக்கி வைத்து, தன் முயற்சி அத்தனையும் ஓய்ந்த பிறகுதான் முக்தி கிடைத்தது, கவனிக்கவேண்டும் என்றார் பராங்குசம். அவளைத் தொட்டிக்குள் புதைக்க இடம் கிடையாது, விதியில் இல்லை. முனிரத்தினம் ரோட்டோரப் புறம்போக்கில் தானே குழி வெட்டினான். கூலியாட்கள் இரண்டுபேர் கைகொடுத்தார்கள்.

உமாபதியை முத்திரை உடைத்த குற்றத்துக்காக வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். குதிரையைக் கொன்ற குற்றம் அவர்மேலும் வரவில்லை, முனிரத்தினத்தின்மேலும் வரவில்லை. தன் கொள்கைப்படி முக்தியடைந்த குதிரையை ஒரு மனுஷன் கொன்றான் என்று ஒப்புக்கொள்ள இரண்டு கட்சியும் தயாராக இல்லை. வழக்கு மட்டும் மேல்கோர்ட்டுக்குப் போயிற்று. லில்லி கடைசியில் நடந்து போனாளா, தூக்கப்பட்டுப் போனாளா?

பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் முனிரத்தினத்துக்குச் சம்மன் வந்தது. அதற்குள் அவன் வண்டியை விற்றுவிட்டு, ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மூட்டைக்காரனோடும் யாரும் பேசுவதில்லை. அவன் கூண்டில் ஏறியபோது, ஒரு கோர்ட்டு நிறைய ஜனம் வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்ப்பதைக் கண்டு அவனுக்கு என்னமோ போலிருந்தது. தேசிகன் முதல் வரிசையில் இருந்தார், பராங்குசம் அவருக்கு எதிர்ப்பக்கத்து முதல் வரிசையில்.

வக்கீல் எழுந்து, நன்றாக யோசித்துச் சொல், அந்தக் கடைசி நேரத்தில் குதிரை தானாக நடந்ததா, அல்லது பிறர் தூக்கினார்களா, இரண்டில் ஒன்று சொன்னால் போதும் என்றார்.

"நடக்கல சாமி. யாரும் தூக்கவும் இல்ல. அவ தல என் மடில இருந்துச்சி. நா பேசிக்கினே இருந்தேன். அவ கேட்டுக்கினே இருந்தா."

நீதிபதி இரண்டு வக்கீல்களையும் பார்த்தார். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். சாட்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள்.

என்ன பேசினாய் என்று கேட்பார்கள் என்று முனிரத்தினம் இன்னும் சற்றுநேரம் கூண்டிலேயே நின்றான். கோர்ட்டுச் சேவகன் வந்து அவன் கையைத் தொட்டு இறங்கச் சொன்னான்.